மருதம்பட்டை

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள் இல்லையா? எங்கள் அய்யா, அதாவது அப்பா, அதோடு நிறுத்த மாட்டார். மூன்றாவதாக ஒன்று சொல்வார், வீட்டு வாயைப் பற்றி. 'வீட்டு வாயை மூடினால்' என்று ஆரம்பிக்கும். அதற்கப்புறம் என்னவோ வரும். காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

இல்லை, இல்லை, நீங்கள் உட்காருங்கள். உங்கள் டோக்கன் எங்களுக்கு அடுத்தது என்றுதானே சொன்னீர்கள்? நீங்கள் முன்னால் போங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கவுண்டரில் இருக்கிற பெண்ணிடமும் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இந்த ஆஸ்பத்திரியில் முன்னால் போகத்தான் எல்லாரும் சண்டை பிடிக்கிறார்கள், பின்னால் தள்ளிப் போடுங்கள் என்று கேட்டவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். உங்கள் அம்மாவை எக்கோ எடுக்கக் கூட்டிப் போயிருக்கிறார்களா? அப்படியானால் நேரம் இருக்கிறது. என் பெண்ணும் அங்கேதான், பக்கத்து அறையில், நடக்கிற மெஷினில் ஏற்றுவதற்காக உட்கார்ந்திருக்கிறாள். என் பெண் என்றால் தம்பி மகள். மதிவதனி. வதனி என்று கூப்பிடுவோம். இங்கேதான் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிக் கடைசி வருடம் படிக்கிறாள். நாங்கள் பரமக்குடி.

சின்னப் பெண்ணுக்கு நெஞ்சு டாக்டரா என்று உங்கள் முகத்தில் தெரிகிறது. தகப்பனுக்கு இதயம். என் தம்பி தட்சிணாமூர்த்தி முப்பத்துநாலு வயதில் மாரடைப்பில் போய்விட்டான்.

பாருங்கள், வாய் தானாகவே சொல்லிவிடுகிறது. பழக்கம். உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நீங்கள் திருமங்கலத்துப் பக்கம், இனிமேல் நாம் பார்த்துக்கொள்ளப் போவதுமில்லை. மாரடைப்பு இல்லை. அவனே போய்விட்டான். எப்படி என்று கேட்காதீர்கள், அது அவனோடு போகட்டும். அவனே போய்விட்டான், அவ்வளவுதான். இதை நான் வாய்விட்டுச் சொன்ன ஆட்களில் நீங்கள் இரண்டாவது. முதல் ஆள் யார் என்பது பின்னால் வரும்.

அப்போது நான் பஹ்ரைனில் இருந்தேன். கட்டுமானக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். செய்தி வந்து, டிக்கெட் கிடைத்து, நான் வந்து இறங்கும்போது அவன் உடம்பு பெரியாஸ்பத்திரியில் இருந்தது. ஏர்ப்போர்ட்டிலிருந்து கார் மானாமதுரை தாண்டுவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். ஒன்பது வயதுப் பெண் குழந்தை இருக்கிறது. நாளைக்கு அவளை ஒரு இடத்தில் கொடுக்க வேண்டும். 'அப்பா என்ன ஆனார்' என்று கேட்பவர்களுக்கெல்லாம் அவள் தலைகுனிந்து நிற்கக் கூடாது. யாராவது ஒருவர் நிதானமாக இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் இல்லையா? எல்லாரும் அழுதுகொண்டிருந்தால் யார் பார்ப்பது? நான் அழவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை. எனக்கு வேலை இருந்தது.

தம்பி வைத்திருந்தது அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் அடிப்பான். அவனுடைய போஸ்டரையும் அவன் கடையில்தான் அடிக்க வேண்டியிருந்தது. வேலைக்கு இருந்த அருளப்பன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே கேட்டான். சின்ன வயசுச் சாவுக்கென்று தட்சிணாவே ஒரு மாதிரி தயாரித்து வைத்திருந்தான், அதில் 'அகால மரணம்' என்று இருக்கும். அதை எடுத்துவிடு, மாரடைப்பால் இயற்கை எய்தினார் என்று போடு என்றேன். அருளப்பன் தயங்கினான். முப்பத்துநாலு வயசுக்கு இயற்கை எய்தினார்னு யாரும் போட மாட்டாங்கண்ணே, நம்ம அண்ணனே திட்டும் என்றான். போடு என்றேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆற்றுப்பாலம் வரைக்கும் ஒட்டினோம்.

ஊர் நம்பிவிட்டது. நான் சொல்கிறேன், ஊர் அப்படியே நம்பிவிட்டது. கேதம் கேட்க வந்தவர்கள் ஒருவர் கூட வேறு மாதிரிக் கேட்கவில்லை. 'சின்ன வயசு, நெஞ்சுல இப்படி வரும்னு யார் கண்டா' என்றுதான் சொன்னார்கள். முடிவெட்டுகிற கடையில் பூண்டு சாப்பிடச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மருதம்பட்டைப் பொடி கொடுத்தனுப்பினார். நெஞ்சுக்கு நல்லது, கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டும். அதைப் பார்த்து இன்னும் நாலு வீட்டிலிருந்து மருதம்பட்டை வந்தது. இதைக் கேளுங்கள்: தம்பியின் உடம்பைப் பார்த்து விசாரணை எழுதிக்கொண்டு போனாரே ஏட்டு, அவரே பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு பொட்டலம் மருதம்பட்டையோடு வந்தார். 'பிள்ளைக்குக் குடுங்க சார், பரம்பரையா வரக்கூடாதுல்ல' என்று என் கையில் வைத்து, என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அவரே நம்பிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? சரி, சரி.

அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். என் மனைவிக்கு வருத்தம்தான், அவள் அங்கே பழகிவிட்டாள். ஆனால் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே. மாரடைப்பு என்று சொல்லிவிட்டால் போதுமா? மாரடைப்பு வந்த வீடு மாதிரி இருக்க வேண்டாமா? எண்ணெயைக் குறைத்தேன். அப்பளத்தைச் சுட்டுத்தான் தின்றோம். ஊறுகாய் கிடையாது. என் மனைவி அடுத்த வீட்டில் போய் வடை தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள், எனக்குத் தெரியாது என்று நினைப்பாள். காலையில் எல்லாரும் வைகை மணலில் நடைப்பயிற்சி. வதனி பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடுவாள், நன்றாக ஓடுவாள். நிறுத்தச் சொல்லி நானே போய் எழுதிக் கொடுத்தேன். தினமும் காலையில் மருதம்பட்டைக் கஷாயம், அதைக் காய்ச்சிக் கொடுப்பது தம்பி மனைவி செண்பகத்தின் வேலை.

வருடம் ஒருமுறை, அவன் போன வைகாசி மாதத்தில், வதனியை மதுரைக்குக் கூட்டி வந்து ஈசிஜி எடுப்பேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் எனக்கு அந்த வருடத்துக்கு மூச்சு வரும். பஸ்ஸில் திரும்பும்போது அவளிடம் சொல்லுவேன், ஒரு வருடம் கூடத் தவறாமல் சொல்லுவேன்: 'அம்மா, உங்க அப்பனுக்கு வந்தது உனக்கு வந்துரக் கூடாது. இது ரத்தத்துல இருக்குற சமாச்சாரம். நீதான் ஜாக்கிரதையா இருக்கணும்.' அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சரி பெரியப்பா என்பாள். நல்ல பிள்ளை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

தம்பி இருக்கும்போதே அவள் படிப்பை நான்தான் ஏற்றுக்கொண்டேன். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது படக்கதைப் புத்தகம், ஒருமுறை பெரிய டிக்‌ஷனரி, படம் போட்டது. நாங்கள் படித்தது தமிழ் மீடியத்தில். எனக்கு இங்கிலீஷ் வந்தது அய்யாவால். அய்யா கோர்ட்டில் குமாஸ்தா. எங்கள் வீட்டில் ரகசியத்துக்கென்றே ஒரு மொழி உண்டு. பெண்கள், சின்னப் பிள்ளைகள் காதில் விழக்கூடாத விஷயமென்றால் அய்யா என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். பத்து வயதிலேயே சொத்துத் தகராறு, வைப்பாட்டி விவகாரம் எல்லாம் எனக்கு இங்கிலீஷில் தெரியும். பின்னால் நானும் தட்சிணாவும் அப்படித்தான். அவனுக்குத்தான் இங்கிலீஷ் கொஞ்சம் தகராறு, பாதியில் தமிழுக்கு வந்துவிடுவான்.

ராமேஸ்வரம் போனதைச் சொல்ல வேண்டும். ஊரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பித்ருக்களிடம் அப்படிச் சொல்ல முடியுமா? அது வேறு இடம். இந்த மாதிரிச் சாவுக்கு வீட்டில் திதி கொடுக்கக் கூடாது, ராமேஸ்வரம் போய்த் தில ஹோமம் செய்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று எங்கள் ஊர் சாஸ்திரிகள் காதோடு சொன்னார். சரி என்று, வேலையை விட்டு வந்த கையோடு போனேன். செண்பகத்தைக் கூட்டிப் போகவில்லை. அவள் வாயைத் திறந்தால் அழுகை, அழுகையோடு எல்லாம் வந்துவிடும். வதனி என் கையை விடமாட்டேன் என்றாள், அதனால் அவளை மட்டும். கடலில் முழுக்குப் போட்டு, ஈரப் பாவாடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அங்கே இருந்த ஐயர், 'எப்படிப் போனார்? வயசா, வியாதியா, வேற மாதிரியா? சொன்னாத்தான் சங்கல்பம்' என்று கேட்டார். குழந்தை பக்கத்தில் இருக்கிறது. நான் யோசிக்கவே இல்லை. நல்ல இங்கிலீஷில், மெதுவாக, ஒரு வாக்கியம் சொன்னேன். என் தம்பி தன் முடிவைத் தானே தேடிக்கொண்டான் என்று. ஐயருக்குப் புரிந்தது, நாலு தேசத்து ஜனங்களைப் பார்க்கிறவர். தலையை ஆட்டிவிட்டு மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார். அவர்தான் முதல் ஆள். குழந்தை முறுக்கைத் தின்றுகொண்டிருந்தது. அவ்வளவு ஜாக்கிரதை நான்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் செண்பகம் கெடுத்துவிட்டாள். இத்தனை வருடமும் அதுதான் என் மனத்தாங்கல். ராமேஸ்வரம் போய் வந்து ஒன்றிரண்டு மாதம் இருக்கும், ராத்திரிச் சாப்பாட்டில் வதனி திடீரென்று கேட்டாள், 'அப்பா ஏன் போனாங்க?' என்று. கவனித்தீர்களா? மாரடைப்பில் செத்தவனை எந்தப் பிள்ளையாவது ஏன் போனார் என்று கேட்குமா? என்ன ஆச்சு என்று கேட்கும், எப்படி என்று கேட்கும். ஏன் என்று கேட்டால் அதற்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? வீட்டில் சொல்லக்கூடிய ஆள் வேறு யார்?

செண்பகத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். சொல்லவே இல்லை அத்தான் என்றாள். நான் நம்பவில்லை. கூடவே இருந்தவள், புருஷன் மனசு எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் இருந்தவள், அவள் பேச்சை எப்படி நம்புவது? எனக்கு மட்டும் போனிலேயே தெரிந்ததா என்று நீங்கள் கேட்கலாம். தட்சிணா போவதற்கு முந்தின மாசம் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டான். தூக்கம் வரலண்ணே என்றான். கோடை, ஏசி ஒன்று வாங்கிப் போடு, பணம் அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவும் அனுப்பினேன். போனில் அதற்கு மேல் என்ன தெரியும்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. குலசாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றி அணைக்கச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அதற்கு மிஞ்சின சத்தியம் இல்லை. சூடத்தை அணைத்துவிட்டு மீறினவர்கள் விளங்கியதில்லை என்பார்கள். அவள் உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தாள். 'நான் பிள்ளைட்ட சொன்னதில்ல. இனிமேலும் அவுகளப் பத்தி என் வாயால வராது' என்றாள். இரண்டாவது பாதியை நான் கேட்கவில்லை, அவளே சேர்த்துக்கொண்டாள். நல்லதாய்ப் போயிற்று என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, எதற்கும் அவளைக் கூட்டிப் போகவில்லை. எதற்கு வம்பு? அவளிடம் சொல்ல வேண்டியதை என் மனைவியிடம் சொல்லிவிடுவேன்.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். ஹாஸ்டல் வார்டன் போன் செய்தார். வதனி சரியாகச் சாப்பிடுவதில்லை, வகுப்புக்குப் போவதில்லை, நெஞ்சை அடைக்கிறது என்கிறாள், வந்து பாருங்கள் என்று. வந்துவிட்டதே என்றுதான் நினைத்தேன். நம்புவீர்களா? இதயம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பொய்யைக் கட்டினவனே நான், எனக்கே அது மறந்துபோயிருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். ஹாஸ்டல் வாசலில் நிற்கிறாள், கண்ணுக்குக் கீழே மை பூசினது மாதிரி. ஒன்றும் கேட்காமல் ஆட்டோவில் ஏற்றி நேரே இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

காலையில் டாக்டரம்மா பார்த்தார்கள். பொறுமையானவர்கள், உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும். ஈசிஜியைப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றும் தெரியவில்லையே என்றார்கள். வதனியிடம் தூக்கம் எப்படி என்று கேட்டார்கள். அவள் சொன்னாள், 'தூக்கம் வரல டாக்டர்' என்று.

ஒன்றுமில்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அதே குரல். தட்சிணாவும் அந்த 'வரல'வை அப்படித்தான் இழுப்பான்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்கள். வீட்டில் யாருக்காவது மனசு சம்பந்தமாக ஏதாவது இருந்ததா, அப்பா எதில் இறந்தார் என்று கேட்டார்கள். நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். எங்கள் குடும்பத்தில் அந்த மாதிரி எதுவும் கிடையாது, தகப்பனுக்கு ஹார்ட் அட்டாக் என்றேன். தடங்கலே இல்லாமல் வந்தது. டாக்டரம்மா எழுதிக்கொண்டார்கள். வதனி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். பரீட்சையில் தெரிந்த கேள்வியைத் தப்பாக எழுதுகிற பிள்ளையை வாத்தியார் பார்ப்பாரே, அப்படி. எக்கோ, நடக்கிற மெஷின் இரண்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்று அனுப்பினார்கள்.

எக்கோ முடிந்தது. அடுத்ததற்குக் கூப்பிட நேரமாகும் என்றார்கள். கீழே கேன்டீனுக்குப் போனோம். அவள் வடை கேட்டாள். எண்ணெய் என்றேன். 'ஒரு நாளைக்கு பெரியப்பா' என்றாள். பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள்.

அப்புறம் சொன்னாள், 'பெரியப்பா, டாக்டர் மறுபடியும் கேப்பாங்க. அப்பாவப் பத்திச் சரியாச் சொல்லிருங்க.'

'சரியாத்தானே சொன்னேன்.'

'ராமேஸ்வரத்துல சொன்ன மாதிரி.'

ராமேஸ்வரத்தில் என்ன என்றேன். அவள் சொன்னாள். இங்கிலீஷில், மெதுவாக, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து கடைசி வரை. என் உச்சரிப்பிலேயே சொன்னாள். அய்யாவின் கோர்ட்டு உச்சரிப்பு அது, எங்கள் வீட்டைத் தவிர வேறு எங்கும் கேட்க முடியாது.

'ஒரு வார்த்தை மட்டும் அப்ப புரியல. வீட்டுக்கு வந்து நீங்க வாங்கிக் குடுத்த டிக்‌ஷனரில பாத்தேன்' என்றாள்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? இவ்வளவையும் கேட்டுவிட்டு, 'உங்க அம்மா சொல்லலையா?' என்று கேட்டேன். கேட்கிறபோதே எனக்குக் கேவலமாக இருந்தது, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

'அம்மாவா? அவங்ககிட்ட அப்பான்னு ஆரம்பிச்சாலே எந்திரிச்சுப் போயிப் பாத்திரம் கழுவுவாங்க. கழுவுன பாத்திரத்தையே கழுவுவாங்க. ஒரு நாள் விடாமக் கேட்டேன். சூடம் அணைச்சிருக்கேண்டின்னாங்க. அதுக்கப்புறம் நான் கேக்கல.'

பக்கத்து மேஜையில் யாரோ ஒரு குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அது துப்பிக்கொண்டே இருந்தது. வதனி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

'வருஷா வருஷம் பஸ்ஸுல சொல்லுவீங்க. உங்க அப்பனுக்கு வந்தது உனக்கு வந்துரக் கூடாது, ரத்தத்துல இருக்குன்னு. நீங்க ஹார்ட்டுன்னு நெனச்சுச் சொன்னீங்க. எனக்கு அது என்னன்னு தெரியும்ல பெரியப்பா. நான் எதன்னு நெனச்சுக் கேட்டுக்கிட்டிருந்திருப்பேன்?'

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் வடையைத் தின்றேன். வேறு என்ன செய்வது? எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் தின்கிற வடை, ருசி கூடத் தெரியவில்லை.

அவளே மேலே சொன்னாள். இந்த வருடம் அறையில் கூட இருந்த பெண் படிப்பை முடித்துப் போய்விட்டாளாம். தனியாகப் படுக்கும்போது பயமாக இருக்கிறதாம். நான் அப்படி ஏதும் செய்கிற ஆள் இல்லை பெரியப்பா, ஆனா எனக்குள்ள அது எங்கயோ உக்காந்திருக்கோன்னு பயமா இருக்கு, அப்படி இருக்குமா இல்லையான்னு டாக்டர்கிட்டக் கேக்கணும், நீங்க பொய் சொன்னா நான் எப்படிக் கேக்குறது என்றாள். கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

நானே சொல்லலாம், ஆனா உங்களப் பொய்யாக்கிட்டு நான் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள். ஈசிஜிக்கெல்லாம் அப்படித்தான் வந்தாளாம். 'நார்மல்னு சொன்னதும் உங்க மூஞ்சி மாறும்ல, அதுக்குத்தான் வருவேன்' என்றாள்.

அவளை மெஷின் அறை வாசலில் உட்கார வைத்துவிட்டு, வண்டி நிறுத்துகிற இடத்தில் போய் நின்றேன். செண்பகத்தின் நம்பரைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. நேராக அவளுக்கு நான் போன் செய்ததே இல்லை. எடுத்ததும், 'பிள்ளைக்கு என்ன அத்தான்?' என்றாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, நெஞ்சு நன்றாக இருக்கிறது என்றேன். அப்புறம் சொன்னேன், டாக்டரிடம் தட்சிணாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, நீ கிளம்பி வா என்று. அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. ஒரு தடவை, இரண்டாவது தடவை.

'நான் சூடம் அணைச்சிருக்கேனே அத்தான்' என்றாள்.

'நான் அணைக்கலையே' என்றேன். 'நான் சொல்றேன். நீ பக்கத்துல வந்து உக்காரு.'

குக்கரை இறக்கிவைத்தாள் போலிருக்கிறது. எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும், மாட்டுத்தாவணியில் இறங்கி எப்படி வர வேண்டும் என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் இந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று கூட அவளுக்குத் தெரியாது. ராமேஸ்வரத்து விஷயத்தை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. போனில் சொல்கிற விஷயமா அது? அவள் மேல் நான் போட்ட பழியை நேரில்தான் எடுக்க வேண்டும், எப்படி எடுப்பது என்றுதான் தெரியவில்லை. சூடத்துக்கு வழி இருக்கிறது, பழிக்கு என்ன வழி? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

மருதம்பட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. அது எப்படியும் உடம்புக்கு நல்லதுதானே. என்ன, இல்லையா?

அதோ, வதனி வந்துவிட்டாள். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, நீலத் துப்பட்டா. அவள்தான். நடக்கிற மெஷினில் ஓடிவிட்டாள் போலிருக்கிறது, மூச்சு வாங்குகிறது, முகம் எப்படிச் சிவந்திருக்கிறது பாருங்கள். கோகோ ஆடுகிற காலத்தில் இப்படித்தான் வீட்டுக்கு வருவாள்.

அய்யா சொன்ன அந்த மூன்றாவது இன்னும் வரவில்லை. செண்பகத்துக்குத் தெரிந்திருக்கும். அய்யா படுக்கையாய்க் கிடந்தபோது அவள்தான் கஞ்சி ஊட்டினாள், அவர் பேச்சையெல்லாம் அவள்தான் கேட்டாள். வந்ததும் கேட்க வேண்டும்.

உங்கள் அம்மாவை அழைத்து வருகிறார்கள். எழுந்திருங்கள், நீங்கள் போங்கள். உங்களுக்கு அடுத்து வருகிறவர்களும் போகட்டும். செண்பகம் வந்து சேருகிற வரைக்கும் எங்களைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் வந்ததும் மூன்று பேருமாக உள்ளே போகிறோம். நான்தான் சொல்லப்போகிறேன், தமிழில்.